நெடும்பாசேரிப் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு

எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து யாருக்காவது நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையத்தில் வேலை கிடைத்தால், எப்படியோ என் நம்பர் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்க்கா, பிளேன் சத்தத்துல ராத்திரி தூக்கம் வருமா?" வரும். முதல் சில வாரம் புரண்டு படுப்பீர்கள், பிறகு காதுக்குப் பழகிவிடும். இங்கே வீடு பார்க்கிறவர்கள் தூக்கம் கெட்டு யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

சத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஓடுபாதை 3,400 மீட்டர் நீளம், கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். அதனால் காற்று மாறினால் சத்தம் வரும் பக்கமும் மாறும். ஓடுபாதைக்கு நேர்க்கோட்டில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பங்கு உண்டு. வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சம் விலகிப் போனாலே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் தொல்லை குறைந்துவிடும். வளைகுடா விமானங்கள் நிறைய நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வந்துபோகின்றன. பகல் பதினொரு மணிக்கு வீட்டைக் காட்டி "பாருங்க, சத்தமே இல்லையே" என்று புரோக்கர் சொன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை எடுத்துப் போய் அந்தத் தெருவில் நின்று கேளுங்கள். கைக்குழந்தையோ படுத்த படுக்கையான பெரியவரோ வீட்டில் இருந்தால் கட்டாயம் இதைச் செய்யுங்கள்.

நாங்கள் வந்தது 2016-ல். என் வீட்டுக்காரருக்குச் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை. எனக்கு ஆலுவாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஊரில், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. ஆபீசில் தமிழில் மனு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். இங்கே எர்ணாகுளம் மாவட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது, எல்லாமே மலையாளம்தான். நமக்குப் பேச்சு வரும், படிக்கத் தெரியாது என்றால் வில்லேஜ் ஆபீசில் முழிக்க வேண்டியிருக்கும். வருகிறவர்கள் மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டு வாருங்கள். பத்திரத்தை இன்னொருவர் படித்துச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது நல்லதில்லை.

இந்த விமான நிலையத்தை 1999 மே 25-ல் அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்துவைத்தார். வெளிநாட்டு மலையாளிகளிடம் பங்குப் பணம் திரட்டிக் கட்டியது. அதற்கு முன்னால் இதெல்லாம் வயலும் தென்னந்தோப்புமாக இருந்த கிராமங்கள். பக்கத்திலிருக்கும் நாயத்தோடு, முதல் ஞானபீட விருது பெற்ற மகாகவி ஜி. சங்கர குருப்பு பிறந்த ஊர். இன்றைக்கு நாயத்தோடு எங்கே என்று கேட்டால் விமான நிலையச் சுற்றுச்சுவரைத்தான் அடையாளம் சொல்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 544-ல் அத்தாணி ஜங்ஷனில் இறங்கிப் பாருங்கள்: லாட்ஜ், கார்கோ ஏஜென்சி, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடை, வாடகைக்குக் கார் நிறுத்துமிடம், ஏவியேஷன் கோர்ஸ் நடத்தும் மாடிக் கட்டடங்கள். உள்ளே போகப் போக வயலுக்கு நடுவில் புது வில்லாக்கள், அபார்ட்மெண்டுகள். பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரர் துபாயிலோ அயர்லாந்திலோ இருப்பார், சாவி அவருடைய அப்பச்சனிடம், அதாவது அப்பாவிடம், இருக்கும்.

அப்படி ஒரு அப்பச்சனிடம்தான் செங்கமநாடு பக்கம் வீடு வாடகைக்கு எடுத்தோம். நல்ல மனுஷர். மழையில் வெள்ளம் ஏறி வருமா என்று அவரிடம் அப்போதே கேட்டோம். "தொண்ணூற்றொன்பதிலே வெள்ளப்பொக்கத்தில்கூட இந்தத் தென்னைக்குக் கீழேதான் நின்னதுன்னு எங்க அப்பன் சொல்வார்" என்றார். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924-ல் வந்த பெருவெள்ளம். கேரளத்தில் வயதானவர்கள் எல்லாவற்றையும் அந்த வெள்ளத்தை வைத்துத்தான் அளப்பார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் அப்பன் பார்த்த காலத்தில் சுற்றியிருந்த வயலெல்லாம் திறந்து கிடந்தது. வந்த தண்ணீர் பரவிப் படுக்க இடம் இருந்தது. எங்கள் காலத்தில் நாலு பக்கமும் மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டிவிட்டார்கள்.

2018 ஆகஸ்ட் 9-ந் தேதி இடுக்கியின் செறுதோணி அணைக் கதவைத் திறந்தார்கள்; அந்தத் தண்ணீர் பெரியாறு வழியாக இந்தப் பக்கம்தான் வரும். 1992-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. டிவியில் அதைத் திருவிழா மாதிரி காட்டினார்கள். ஆலுவா மணப்புறம் சிவன் கோயில் முங்கியது. அது எல்லா மழைக்காலத்திலும் முங்குவதுதான், ஆறே வந்து சாமிக்கு ஆறாட்டு (நீராட்டு) நடத்துகிறது என்று ஊரில் சந்தோஷப்படுவார்கள். 15-ந் தேதி விடியற்காலையில் விமான நிலையத்தை மூடினார்கள். முதலில் மத்தியானம் வரை என்றார்கள், அப்புறம் சனிக்கிழமை வரை என்றார்கள். கடைசியில் திறந்தது 29-ந் தேதி. இடையில் கொச்சி கடற்படைத் தளத்திலிருந்து சின்ன விமானங்களை ஓட்டினார்கள். விமான நிலையத்தின் சுற்றுச்சுவரே கிலோமீட்டர் கணக்கில் சாய்ந்துவிட்டது.

எங்கள் வீட்டில் முதல் நாள் சாயங்காலம் முற்றத்தில் கணுக்கால் அளவு. ராத்திரி கட்டிலின் கீழ்ச்சட்டம். விடிவதற்குள் கைக்குழந்தையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூட முகாமுக்குப் போனோம். ஊருக்குப் போகலாம் என்றால் ஆலுவா வழி ரயில் நின்றுவிட்டது, நெடுஞ்சாலையிலும் தண்ணீர். கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஆட்களை எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது ஜன்னல் கட்டை உயரத்துக்குச் சேற்றுக்கோடு. பிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. அதைவிடப் பெரிய வேலை கிணறு. மோட்டார் வைத்து இறைத்து, சேறு வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒருநாள் விட்டு மறுபடி இறைத்து, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துக் கிருமி இல்லை என்று வந்த பிறகுதான் குடித்தோம். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று அப்படியே குடிக்க ஆரம்பித்த வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்தது.

விமான நிலையத்தில் தண்ணீர் ஏறுவது 2018-ல் தொடங்கிய கதையும் இல்லை. 2013 ஆகஸ்டிலும் இடமலையாறு அணை திறந்தபோது மூடினார்கள். 2019 ஆகஸ்டிலும் இரண்டு நாள் மூடினார்கள். செங்ஙல் தோடு என்று ஒரு ஓடை இருக்கிறது. அதன் பழைய வழியில்தான் ஓடுபாதை குறுக்கே விழுந்தது என்பார்கள் ஊர்க்காரர்கள். பெரியாறு கரை முட்ட ஓடும்போது இப்படிப்பட்ட தோடுகளின் தண்ணீருக்கு ஆற்றில் இறங்க இடம் கிடைக்காது. நின்று, பின்னால் திரும்பி, தாழ்ந்த இடமாகப் பார்த்து ஏறும். ஆகவே ஆற்றுக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறோம் என்ற தைரியம் போதாது. பக்கத்தில் எந்தத் தோடு போகிறது, அது எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிற்பாடு 'ஆபரேஷன் பிரவாஹ்' என்ற பெயரில் விமான நிலையத்தார் தோடுகளை ஆழப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். அதை நம்பி நாற்பது லட்சம் போடுவேனா என்றால், மாட்டேன்.

இடம் வாங்கலாம் என்று 2020 கடைசியில் தேட ஆரம்பித்தபோது எங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் ஒரு கேள்வி. "பதினெட்டில் வெள்ளம் எவிடெ வரெ வந்நு?" பதினெட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று. அதை விற்கிறவரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பிரயோஜனமில்லை. டீக்கடையில் கேளுங்கள், ரேஷன் கடையில் கேளுங்கள். எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தவர்கள் ஹரித கர்ம சேனைச் சேச்சிமார். மாதாமாதம் வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்கப் போகிறவர்கள். எந்த வீட்டில் எவ்வளவு ஏறியது, எந்த வீடு அதற்கப்புறம் விற்பனைக்கு வந்தது, யார் மதிலை உயர்த்தித் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டார் என்று எல்லாம் தெரியும். யாருக்கும் கமிஷன் கிடையாது, அதனால் மறைக்கவும் மாட்டார்கள்.

வீடும் சொல்லும். ஒரு வீட்டில் கீழ்த்தளத்தில் மட்டும் ஸ்விட்ச் போர்டு எல்லாம் தோள் உயரத்துக்கு மேலே இருந்தது. இன்வெர்ட்டர் மாடியில். ஹாலில் நாலடி உயரத்துக்குப் புது டைல்ஸ். "டிசைன்" என்றார் புரோக்கர். வெளியே மதிலின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், வெட்டுக்கல்லில் அதே நாலடிக்குக் கறை. முன்பக்கத்துக்குத்தான் பெயின்ட் அடிப்பார்கள். பின்பக்கம் போங்கள்.

அடுத்த பொறி காகிதத்தில். கேரளத்தில் 2008-ல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வில்லேஜ் ஆபீசின் அடிப்படை வரிப் பதிவேட்டில் உங்கள் இடம் 'புரயிடம்' என்று இருந்தால் வீடு கட்டலாம். 'நிலம்' என்றிருந்தால் அது வயல், கண்ணுக்கு எவ்வளவு காய்ந்து மேடாகத் தெரிந்தாலும் வீட்டுக்கு அனுமதி லேசில் கிடைக்காது. எங்களுக்குக் காட்டிய ஒரு இடத்தில் மண் போட்டு, தென்னங்கன்று வைத்து, கேட் மாட்டியிருந்தார்கள். கர ரசீதை, அதாவது நில வரி ரசீதை, வாங்கிப் படித்தபோது 'நிலம்' என்று இருந்தது. கேட்டதற்கு "பாரம் ஆறு கொடுத்தாச்சு, வந்துடும்" என்றார் விற்கிறவர். டேட்டா பேங்க் என்னும் வயல் பட்டியலில் இடம் இருந்தால் முதலில் அதிலிருந்து நீக்கப் படிவம் 5, பிறகு தன்மை மாற்றப் படிவம் 6. சாட்டிலைட் படத்தை வைத்து 2008-ல் அந்த இடம் எப்படி இருந்தது என்று பார்ப்பார்கள். விண்ணப்பங்கள் மலைபோல் தேங்கிக் கிடக்கின்றன. வந்துடும் என்பதை வந்த பிறகு வாங்குங்கள்; உத்தரவு வந்து வில்லேஜ் பதிவேட்டிலும் மாறிய பிறகு. அட்வான்ஸ்கூட அதற்குமுன் வேண்டாம். தாழ்ந்த வயலை நிரப்பிய இடமென்றால் காகிதம் சரியானாலும் தண்ணீர் அங்கேதான் முதலில் வரும் என்பதால், நாங்கள் அந்த வகையையே விட்டுவிட்டோம்.

பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் பட்டா எங்கே, சிட்டா எங்கே என்று கேட்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது ஆதாரம் (கிரயப் பத்திரத்துக்கு இங்கே பேர் இதுதான்), அதற்கு முந்தைய முன்னாதாரங்கள், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீசில் சொந்தக்காரர் பேரில் இருக்கும் நிலக் கணக்கு எண்), நடப்பு வருஷக் கர ரசீது, கைவசச் சான்று. பத்திரம் முடிந்ததும் போக்குவரவு (வில்லேஜ் பதிவேட்டில் பெயர் மாற்றம்) செய்து உங்கள் பேரில் கரம் கட்டினால்தான் வேலை முடிந்தது. அளவெல்லாம் ஆர் கணக்கில் எழுதுவார்கள், ஒரு ஆர் 2.47 சென்ட். முத்திரைக் கட்டணம் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நாற்பது லட்சத்துக்கு வாங்கினால் நாலு லட்சம் தனியாக எடுத்துவைக்க வேண்டும், லோன் கணக்குப் போடும்போது எல்லோரும் இதைத்தான் மறக்கிறார்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து, தம்பியோ மச்சானோ முக்தியார் (பவர் பத்திரம்) வைத்து விற்றால், அந்த முக்தியார் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றதா, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை வைத்ததா, இன்னும் செல்லுபடியா என்று வக்கீலை வைத்துப் பாருங்கள். சொந்தக்காரரிடமே வீடியோ காலில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பேசுவதற்குச் சங்கடப்படுத்தினால் அந்த இடம் வேண்டாம்.

ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. இந்தப் பக்கம் புது லேஅவுட்டெல்லாம் நாலு, ஐந்து சென்ட்தான். அதற்குள் வீடு, கார் நிற்க இடம், கிணறு, செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் நடுவில் ஏழரை மீட்டர் வேண்டும் என்று கட்டட விதி சொல்கிறது. உங்கள் மனைக்குள் ஏழரை மீட்டர் இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் குழி எங்கே? அங்கேயும் அளக்க வேண்டும். நாங்கள் ஏழு சென்ட் வாங்கினதற்குக் கிணறுதான் காரணம். இப்போதும் மழை தொடங்கினதும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கிறோம்.

கடைசியில் அங்கமாலிப் பக்கம் ஒரு செம்மண் மேட்டில் இடம் அமைந்தது. மேட்டில் வாங்கினால் வேறு ஒரு கணக்கு வரும். விமான நிலையத்தைச் சுற்றி எந்த இடத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று நிறம் பிரித்த வரைபடம் இருக்கிறது. சிவப்பில் விழுந்தால் உயரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். மற்ற நிறங்களில் குறிப்பிட்ட உயரம் வரை பஞ்சாயத்தோ நகராட்சியோ அனுமதி கொடுக்கலாம். அந்த உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பார்கள், உங்கள் தரையிலிருந்து இல்லை. மேடு எத்தனை மீட்டரோ அத்தனையும் கழிந்துபோகும். எங்களுக்கு ஒரு மாடி போதும், தொல்லையில்லை. வாடகைக்கு விட நாலு மாடி எழுப்பலாம் என்ற யோசனையில் வருகிறவர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. மரங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், ஓடுபாதை வழியில் வளர்ந்த மரத்தை வெட்டச் சொல்ல அதிகாரம் இருக்கிறது.

மீன் கழிவு, கோழிக் கழிவை வெளியே வீசுவது எங்கேயும் தப்பு, இங்கே கூடுதல் தப்பு. பருந்து வரும், விமானத்தில் அடிக்கும். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் குப்பை கொட்டுவதையும் திறந்தவெளியில் ஆடு மாடு அறுப்பதையும் விமான விதிகளே தடுக்கின்றன. இறைச்சிக் கடை போடலாம் என்று ஊரிலிருந்து கேட்ட ஒரு தம்பிக்கு இதைச் சொன்னதில் அவருக்கு என்மேல் வருத்தம்.

பிள்ளைகள் படிப்பு பற்றிச் சுருக்கமாக. 2017-ல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயம். தமிழ் மீடியம் பள்ளி கொழிஞ்சாம்பாறையில் கிடைக்கும், இங்கே கிடைக்காது. எங்கள் மகளுக்குத் தமிழ் எழுத்து வீட்டில்தான், ஞாயிற்றுக்கிழமை. பாட்டியோடு பேசுவாள், கடிதம் எழுதச் சொன்னால் ஓடுவாள். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அங்கமாலி மார்க்கெட்டில் ஒட்டன்சத்திரம் காய்கறி நம்மூர் விலைக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

வேலை தேடி வருகிற பையன்களுக்கு ஒன்று. விமான நிலையத்தில் வேலை வாங்கித் தருகிறேன், செக்யூரிட்டி டெபாசிட் கட்டு, யூனிபார்முக்குக் கட்டு என்று காசு கேட்டால் அது பொய். கடிதத்தில் முத்திரை, லோகோ எல்லாம் இருக்கும். அந்தக் கடிதத்தோடு அத்தாணியில் பஸ் இறங்கி நின்ற பையன்களை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

இனி சொந்தக்காரர்கள். கோயம்புத்தூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் விமானங்கள் குறைவு என்பதால் எங்கள் பக்கத்து ஆட்கள் சவுதிக்கோ கத்தாருக்கோ போவதென்றால் பெரும்பாலும் நெடும்பாசேரிக்குத்தான் வருவார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அது குடும்பத்தின் வெயிட்டிங் ஹால். ஏற்றிவிட ஒரு ஜீப் நிறைய ஆள், அவர்களுக்கு ராத்திரி சோறு, விடியற்காலை காப்பி. பாலக்காடு-திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கம் 2021-ல் திறந்த பிறகு பயணம் சுலபமாகிவிட்டதால் கூட்டம் இன்னும் கூடியது. வீடு கட்டும்போதே வெளியிலிருந்து நேராகப் போகும்படி ஒரு கழிப்பறையும், வராந்தாவில் நாலு பேர் படுக்கிற அளவு இடமும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தனியாக வருகிறவர்களுக்கு: ரயிலில் ஆலுவாவில் இறங்குங்கள், அங்கமாலியில் நிற்கும் வண்டிகள் குறைவு. ஆலுவா மெட்ரோ நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு மின்சாரப் பேருந்து ஓடுகிறது. ராத்திரி பஸ் நின்ற பிறகு வந்தால் டாக்ஸிதான், அதற்கும் சேர்த்துக் காசு வைத்துக்கொண்டு வாருங்கள். ஷிப்ட் முடிந்து வந்து படுத்த மனுஷனை எழுப்பி வண்டி எடுக்கச் சொல்ல என்னால் ஆகாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.